அக்கா சொன்ன ‘விடு’

போன வருடம் ஆடி மாதம், ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கடையில் இது தொடங்கியது. காப்பித்தூள், மிளகு, தேன் விற்கிற கடை. கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நான் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒத்தாசையாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். ஒத்தாசை என்பது பேருக்குத்தான். கண் முழுக்கக் கைப்பேசியில், கைட் சர்ஃபிங் வீடியோவில் இருந்தது.

அது என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காலடியில் ஒரு பலகை. இடுப்பில் கொக்கி வைத்த பெல்ட். கையில் ஒரு பிடிகட்டை. அதிலிருந்து போகும் நீளமான கயிறுகளின் நுனியில், வானத்தில் ஆளைவிடப் பெரிய பட்டம். காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் ஆளை இழுக்கும், ஆள் கடல் மேல் சீறிக்கொண்டு போவார். இதையே தொழிலாகச் செய்யும் வீரர்கள் இருக்கிறார்கள். மலையில் பிறந்த எனக்குக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கிப் பழக்கமில்லை. ஆனால் எந்த வீரர் எப்படி ஓட்டுவார் என்று கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வேன்.

அன்று மிளகு வாங்க ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அக்காவின் முழங்காலில் பட்டை போட்டிருந்தது. என் கைப்பேசியை எட்டிப் பார்த்தவர் சாதாரணமாகச் சொன்னார்: “இவனா? நேர்ல பரம சாது. தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி பயத்துல வாந்தி எடுப்பான்.”

உலகப் போட்டிகளில் பறக்கிற ஆளை ‘இவன்’ என்கிறாரே, யார் இவர்? கேட்டேன். இராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள். இரண்டு பேருமே தொழில்முறை வீரர்கள். அப்புறம் நான் விடுவேனா? கேள்விக்கு மேல் கேள்வி. அத்தாவுக்குச் சங்கடமாகிவிட்டது.

“ஏனுங்க, நொம்ப தொந்தரவு பண்றானுங்களா? ஏரியில போட்ல ஏறச் சொன்னா கரையிலயே நிப்பானுங்க. இவன் கடல்ல பறக்கறவங்களுக்குப் பரிச்சை வெக்கறான்!”

“கேக்கட்டும் பாய். எங்களை யாரு இப்படியெல்லாம் கேக்குறா?” என்று அக்காவின் கணவரான அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அக்காவுக்கு முழங்காலில் தசைநார் அறுந்து, பல மாதங்களுக்கு முன்பு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இன்னும் சில வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்று மருத்துவர் உத்தரவு. அடுத்த மாதம் அவருக்கு ஒரு பெரிய போட்டி. “மறுபடி வீங்குச்சுன்னா அந்தப் போட்டி அவ்வளவுதான்” என்று தேன் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தபடியே சொன்னார். “கடலைப் பாத்துக்கிட்டே சும்மா உக்கார முடியல. அதான் கடலே இல்லாத ஊரா வந்துட்டோம்.”

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். எல்லோருக்கும் இருப்பது அதே காற்று, அதே மாதிரிப் பட்டம். பிறகு ஏன் ஒருவர் ஓட்டுவது போல இன்னொருவர் ஓட்டுவதில்லை?

“கைட்டுக்கிட்ட ஆளாளுக்கு ஒண்ணு கேக்குறோம்ல” என்றார் அக்கா. “இவரு ‘என்னைத் தூக்கு’ம்பாரு. சில்வர் ஓக் மரத்துக்கு மேல தூக்கணும் இவருக்கு. ரேஸ்காரங்க ‘இழு, இன்னும் இழு’ம்பாங்க. அலை மேல போறவங்க ‘நீ சும்மா இரு, அலை என்னைப் பாத்துக்கும்’பாங்க.”

“நீங்கக்கா?”

“நான் இடுப்புக் கொக்கியவே கழட்டிருவேன். பலகையை அழுத்தித்தான் எம்புவேன். மேல போனதும் ஒரு நொடி கயிறு தளரும். அந்த நொடிக்குள்ள உடம்பைச் சுத்தி, கட்டையை முதுகுக்குப் பின்னால கை மாத்தணும். இறங்குறப்ப மொத்த அடியும் முட்டிக்குத்தான்.”

வீடியோவில் நான் நூறு தடவை பார்த்த வித்தைதான். அந்த ஒரு நொடிக்காகத்தான் எல்லாமே என்பது மட்டும் அதுவரை எனக்குத் தெரியாது.

அவர்களிடம் புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சின்னப் பட்டம் ஒன்று காரிலேயே இருந்தது. தரையில் நின்று ஓட்டுவது. நான் கெஞ்சிய கெஞ்சலில் இரண்டு பேரும் சரி என்றார்கள். அத்தா காப்பிக் கொட்டை வாங்கும் எஸ்டேட் பக்கத்தில் கொட்டச்சேடு என்ற ஊரில் இருக்கிறது. அங்கே கன்று வைப்பதற்காக வெட்டிச் சுத்தம் செய்த சரிவு ஒன்று உண்டு. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கேட்டுவிட்டு மறுநாள் காலையில் போனோம். அத்தாவும் கடையைச் சாத்திவிட்டு வந்தார். வேடிக்கை பார்க்கவாம்.

அண்ணன் புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டுப் பார்த்தார். “கடல் காத்து சீரா வரும். இது மரத்துல முட்டி முட்டி வருது. சின்னதுதானே, கொஞ்ச நேரம் பாப்போம்” என்றார். சரிவின் அடியில் முள்கம்பி வேலி, அதற்கு அந்தப் பக்கம் பள்ளம். வேலியிலிருந்து தள்ளி, மேலேதான் என்னை நிறுத்தினார்கள். அக்கா என் மணிக்கட்டில் ஒரு பட்டியை மாட்டி, அதைக் கயிற்றோடு இணைத்தார்.

“நான் சொன்னதும் விட்டுரணும். சரியா தம்பி?”

“சரிங்கக்கா. விட்டுடறேன்.”

பட்டம் எழும்பியது. எப்படிச் சொல்வது! இத்தனை நாள் கண்ணால் மட்டும் பார்த்த இழுவை என் தோளில் இருந்தது. வலது கையை இழுத்தால் வலப்பக்கம், இடது கையை இழுத்தால் இடப்பக்கம். அண்ணன் படம் எடுக்க மேலே இருந்த பாறைக்குப் போனார். அக்கா ஒரு கல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று காற்று ஓங்கி அடித்தது. பட்டம் விர்ரென்று கீழே பாய்ந்து என்னை முன்னால் இழுத்தது. பின்னாலிருந்து அக்காவின் குரல்: “விடு! விடு!”

நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

“விடு தம்பி, விடு!”

கூடவே அத்தாவும் பெருமை பொங்கக் கத்தினார்: “உடு கண்ணு! அப்படித்தான், நல்லா உடு!”

எனக்கு வெறியே வந்துவிட்டது. கட்டையை நெஞ்சோடு சேர்த்து இழுத்தேன். இழுக்க இழுக்கப் பட்டத்துக்கு வேகம் கூடியது. ஈரப்புல்லில் செருப்பு வழுக்க, நின்ற வாக்கிலேயே சறுக்கிக்கொண்டு போனேன். முள்கம்பி என்னை நோக்கி வந்தது. அத்தாவின் குரல் அப்போதுதான் “அல்லாவே!” என்று மாறியது.

பின்னாலிருந்து யாரோ என் பேன்ட் பெல்ட்டைப் பிடித்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு கை வந்து என் விரல்களை அடித்துப் பிரித்தது. கட்டை கையை விட்டுப் போன மறுகணமே பட்டம் உயிர் போன மாதிரி தொய்ந்து வேலியில் விழுந்தது. அது பறந்து போகாதபடி மணிக்கட்டுப் பட்டியில் இணைத்த ஒரு கயிறு மட்டும் என்னிடம் மிஞ்சியது.

அக்காதான். கல்லிலிருந்து அங்கே வரை ஓடி வந்திருக்கிறார்.

“விடு விடுன்னு கத்துறேன், காது கேக்கல?”

“விட்டுட்டுத்தானேக்கா இருந்தேன்!”

“எங்கடா விட்ட? கட்டிப்புடிச்சுக்கிட்டு இருந்த!”

மூச்சிரைக்க வந்து சேர்ந்த அத்தா குழப்பத்தோடு சொன்னார்: “அவன் நல்லாத்தானுங்க பட்டம் உட்டுட்டு இருந்தான்...”

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாறையிலிருந்து இறங்கி ஓடி வந்த அண்ணனுக்குத்தான் முதலில் விளங்கியது. அவர்கள் கைட்டை ‘ஓட்டுகிறவர்கள்’. அவர்களுக்கு ‘விடு’ என்றால் கட்டையிலிருந்து கையை எடு என்று அர்த்தம். நாங்கள் சின்ன வயதிலிருந்து பட்டம் ‘விடுகிறவர்கள்’. எங்களுக்கு அது பறக்க விடு, விடாமல் பறக்க விடு! ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அக்கா என்னைக் காப்பாற்றப் பார்க்க, நான் அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டேன்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தவர், முழங்காலில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரும் அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்கு நானும் அத்தாவும் போனோம். முழங்கால் உப்பியிருந்தது. மேலே ஐஸ் பை. அத்தா, “எங்களாலதானுங்க இப்படி...” என்று இழுத்தார்.

“யாரும் ஓடச் சொல்லலையே பாய். நாந்தானே ஓடுனேன்” என்றார் அக்கா.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. “ஓடும்போது முட்டி ஞாபகம் வரலையாக்கா?”

“வந்துச்சு” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அதான் கொஞ்சம் லேட்டாயிருச்சு. முதல் தடவை கத்துனப்பவே எந்திரிச்சிருக்கணும்” என்றார்.

அந்தப் போட்டிக்கு அவர் போகவில்லை. அடுத்த பருவத்தில்தான் தண்ணீரில் இறங்கினார் என்று அண்ணன் அனுப்பிய செய்தியில் தெரிந்துகொண்டேன். அதைப் படித்ததும் கடையிலேயே சத்தம் போட்டுக் குதித்தேன். அத்தா என்னைத் திட்டவில்லை.

வீடியோ பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பட்டம் நிற்கும் உயரத்தையும் கயிறு தளர்கிற விதத்தையும் வைத்தே ஓட்டுகிறவர் எந்த வகை என்று சொல்லிவிடுவேன். ஆனால் முட்டி ஞாபகத்தில் இருக்கும்போதே ஒருவர் எழுந்து ஓடுவது எப்படி என்று, அந்த ஈரச் சரிவை நினைக்கும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அக்கா இடத்தில் நான் இருந்திருந்தால் ஓடியிருப்பேன் என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.