ஆக்கியவர் என்ற கட்டம்

அடுத்தவர் உண்டாக்கிய சொல்லைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறவனை நீங்கள் என்ன சொல்லித் திட்டுவீர்கள்? ஆனந்தகுமார் ‘சொல் திருடன்’ என்று திட்டினார். பவர் பேங்குக்கு அவர் உண்டாக்கிய ‘கைமின்கலம்’ என்ற சொல்லை, அவர் பெயரைச் சொல்லாமல் கட்டுரையில் எடுத்தாண்ட ஒரு பேராசிரியரைத்தான் அப்படித் திட்டினார். ஒரு தடவை திட்டி ஆத்திரம் அடங்கவில்லை. தன் வலைப்பூவில் மூன்று பதிவுகள் எழுதித் தீர்த்தார்.

பாளையம்பட்டியில் அவருக்கு ஜெராக்ஸ் கடை. வருமானச் சான்று, பட்டா நகல், ஆதார் திருத்தம் என்று காலையெல்லாம் கூட்டம் நெரியும். மதியம் கொஞ்சம் ஓயும்போது ‘விசைப்பலகை’ என்ற வலைப்பூவில் எழுதுவார். புதிய செயலிகள், எழுத்துருக்கள், அவற்றுக்கான தமிழ்ச் சொற்கள் எல்லாம் அதில் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ‘ஆக்கியவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் அதைக் காலியாக விட்டதே இல்லை.

சென்ற கோடையில் ஒருநாள், சாலையில் பள்ளம் தோண்டியவர்கள் இணையக் கம்பியை அறுத்துவிட்டார்கள். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்த முருகலட்சுமி கடையில் காத்திருந்தார். மகளின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். ஆனந்தகுமாரின் கைபேசியிலும் டேட்டா தீர்ந்திருந்தது.

“நாளைக்கு வாம்மா.”

“நாளைக்கு வந்து உங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போகவா? என் போன்ல நெட்டு கெடக்கு அண்ணாச்சி. ஊத்துத் தோண்டி விடுறேன், மோந்துக்கோங்க.”

முருகலட்சுமி தன் கைபேசியில் ஹாட்ஸ்பாட்டைத் தட்டிவிட்டார். ஆனந்தகுமார் நிமிர்ந்து பார்த்தார். “என்னம்மா சொன்ன?”

“ஊத்து. களை வெட்டப் போற எடத்துல நான்தான் மொதல்ல வெளையாட்டாச் சொன்னேன். எல்லாருமே புடிச்சுக்கிட்டாளுக.”

குண்டாற்று மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரை ஆளுக்கொரு குடமாக மொண்டு போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. முருகலட்சுமியின் டேட்டாவிலேயே அவர் மகளின் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, மறுநாள் ஆனந்தகுமார் வலைப்பூவில் எழுதினார்: ‘ஹாட்ஸ்பாட் – ஊற்று. ஆக்கியவர்: ஆனந்தகுமார்.’

பதிவு ஊரெல்லாம் சுற்றியது. மதுரையில் கணினிச் சொற்பட்டியல் தொகுக்கும் மாதவன் கூப்பிட்டுப் பாராட்டினார். ஒரு கூட்டத்தில் சால்வையும் போர்த்தினார்கள்.

இரண்டு மாதம் கழித்து முருகலட்சுமி இன்னொரு சான்றுக்காகக் கடைக்கு வந்தார். வலைப்பூவை ஒன்று விடாமல் படிக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர் சோலைச்சாமி அங்கே உட்கார்ந்திருந்தார். “இந்த ‘ஊற்று’ உங்களுக்கு எப்படிங்க தோணுச்சு?” என்று கேட்டார்.

முருகலட்சுமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அது நான் சொன்னதுல்ல அண்ணாச்சி?”

ஒரே ஒரு ‘ஆமாம்’ போதும். ஆனால் ஆனந்தகுமார் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: “அது பழைய சொல்லும்மா. பொஸ்தகத்துலயே கெடக்கு. உனக்குத் தெரியாது.”

சிரிப்பு நின்றது. “ஆத்துல எங்க தெரு ஊத்துப் பக்கம் உங்க ஆளுக எட்டிப்பாக்க மாட்டாக. சொல்லு மட்டும் தீட்டு இல்லையாக்கும்?” என்று கேட்டுவிட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சோலைச்சாமி பத்திரிகையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

சாதி ஒழிய வேண்டும் என்று எழுதிய கைதான் ஆனந்தகுமாருடையது. உடனே ஒரு திருத்தம் எழுதினார்: ‘ஊற்று என்ற சொல்லைத் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவர் சொல்லக் கேட்டேன்.’ எழுதியதைப் படித்தபோது உடம்பு கூசியது. பெண் ஒருவராம்! பெயர், தகப்பன் பெயர், தெரு, கதவு எண் எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் தட்டச்சு செய்தவரே அவர்தானே.

அதை அழித்துவிட்டு, மாதவனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

“பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுதுங்க. ‘மக்கள் வழக்கு’ன்னு போட்டுருவோம். யாருக்கும் வம்பில்ல,” என்றார் மாதவன்.

எவ்வளவு வசதியான ஏற்பாடு! கடைக்காரர் சொன்னால் அவருக்குப் பெயர் உண்டு. களை வெட்டுகிறவர் சொன்னால் அது மக்கள் வழக்கு. அந்த வசதியை ஒரு நிமிடம் தானும் விரும்பியதை நினைத்து ஆனந்தகுமார் இன்னும் குன்றிப்போனார்.

“வேண்டாங்க. பேரு இருக்கு. கேட்டுட்டுச் சொல்றேன்.”

விண்ணப்பத்திலிருந்த எண்ணுக்கு அழைத்தார். தான் செய்ததையும், சோலைச்சாமி முன்னால் பொய் சொன்னதையும் திக்கித் திணறிச் சொன்னார்.

“இப்ப எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம்?”

“பட்டியல்ல உங்க பேரப் போடணும்மா. போடலாமா?”

“எங்கய்யா பேரு இருளாண்டி. அந்த மொத எழுத்தையும் சேத்துப் போடுங்க. அந்த வாத்தியாரு முன்னால என்னைய ஒண்ணும் தெரியாதவளாக்குனீகள்ல? அவருகிட்டயும் போயிச் சொல்லணும்.”

மாதவனுக்குப் பெயரைச் சொல்லவும் வலைப்பூவில் எழுதவும் அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. சோலைச்சாமி வீட்டு வாசலுக்குப் போக நான்கு நாள் ஆயிற்று. இரண்டு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பினார். மூன்றாம் தடவைதான் கதவைத் தட்டினார். “நான் திருடிட்டேங்க” என்று நின்றபடியே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

ஆனாலும் அந்தப் பழைய பதிவு, அவர் பெயரோடு இன்னும் கைபேசி கைபேசியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் வந்தால் அதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். ஆனந்தகுமார் என்பதை எடுத்துவிட்டு ‘இ. முருகலட்சுமி’ என்று எழுதி, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புங்கள்.