விஜயதசமி காலையில் எடுத்த ஃப்ளாட்

நாங்கள் குடியிருக்கும் நிக்டியில் மழை ஓய்ந்து வானம் தெளிய அக்டோபர் ஆகிவிடும். அதுவரை டெலஸ்கோப் மொட்டைமாடி அறையில் பழைய போர்வைக்குள் கிடக்கும். தொண்ணூறுகளில் ஒரு வருஷம் முழுக்க நானே உட்கார்ந்து தேய்த்த எட்டு அங்குலக் கண்ணாடி அதற்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிலிம்தான். சுருளைக் கழுவக் கொடுத்தால் ஸ்டுடியோக்காரர், "சாப், இஸ்மே குச் நஹி ஹை, சப் காலா" என்று, அதாவது ஒன்றுமே இல்லை, எல்லாம் கறுப்பு என்று, பிரிண்ட் போடாமலே திருப்பித் தந்துவிடுவார். அந்தக் கறுப்பில்தான் என் கேலக்ஸிகள் இருக்கின்றன என்று அவரிடம் வாதாடிப் பயனில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, வானத்தை எடுப்பதற்கென்றே செய்த பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று கைக்கு வந்தது. அதை வைத்து நான் துரத்தியது கேலக்ஸிக் கூட்டங்களை. பெர்சியஸ் மண்டலத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது; இருபத்துநாலு கோடி ஒளியாண்டு தூரம். படத்தில் பார்த்தால் அரிசி நொய்யைச் சிந்தியதுபோல் இருக்கும். ஒவ்வொரு நொய்யும் ஒரு கேலக்ஸி.

பிழைப்புக்கு ஆகுர்டியில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் தர ஆய்வு வேலை. மற்றவர்கள் கடைந்த பாகங்களை அளந்து, தேறாததைத் தள்ளுவதற்குச் சம்பளம். "துடைச்சுட்டு அளந்தியா, அளந்துட்டுத் துடைச்சியா?" என்பது நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. பதில் சொல்லத் தயங்கினால் முழுத் தட்டையும் திருப்பி அனுப்பிவிடுவேன். என்னை அங்கே யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது.

வானத்தைப் படம் எடுப்பதிலும் அப்படி ஒரு விதி உண்டு. கேமராக் கண்ணாடியில் தூசி இருந்தால் படத்தில் அந்த இடம் இருண்டு விழும். அதற்காக விடியலிலோ அந்தியிலோ வெறும் வானத்தை எடுத்து வைத்துக்கொள்வோம். அதற்கு ஃப்ளாட் என்று பெயர். ஃப்ளாட்டில் எங்கே இருட்டோ, அசல் படத்தில் அந்த இடத்தை அதே அளவுக்குக் கணினி வெளுப்பாக்கிக் கொடுக்கும். தூசி மறைந்துவிடும். ஃப்ளாட் எடுத்த பிறகு கேமராவில் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு மனைவி கேமராவையும் கேட்டாள். அவள் கோயம்புத்தூர்ப் பக்கம். என் மைக்ரோமீட்டர், அவள் தையல் மெஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், விபூதி வைத்தாள், கேமராவுக்கும் வைத்தாள். பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. விஜயதசமி காலையில் எடுத்துப் பேருக்காவது வேலை செய்ய வேண்டும். இருட்டு பிரியும்போதே எழுப்பிவிட்டாள்.

"ஏனுங்க, நல்ல நேரத்துல அதைய எடுத்து ஏதாச்சும் ஒண்ணு பண்ணுங்க."

விடிகிற வானத்தில் கேலக்ஸி எடுக்க முடியாது, ஃப்ளாட் எடுக்கலாம். மாடிக்குப் போய் டெலஸ்கோப்பில் மாட்டி இருபது எடுத்தேன். பிறகு கேமராவைக் கழற்றிச் சந்தனத்தைத் துடைத்தேன். கேமராக் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பழக்கத்தில் ரப்பர் பல்பால் ஊதிவிட்டேன். அதற்குள் வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், எங்கள் வானியல் குழுவை நடத்துகிறவர், தசராவுக்கு ஆப்டா இலை கொண்டுவந்திருந்தார். இந்த ஊர் வழக்கப்படி தங்கம் என்று சொல்லி இலையைக் கையில் தந்து கட்டிக்கொண்டார். சாய், பேச்சு என்று வெயில் ஏறிவிட்டது.

தீபாவளிப் புகை அடங்கியதும் மூன்று இரவுகள் பெர்சியஸ் கூட்டத்தை எடுத்தேன். விஜயதசமி ஃப்ளாட்டைப் போட்டுக் கணினியில் சேர்த்துப் பார்த்தால், கூட்டத்தின் நடுவிலிருந்து சற்று ஒதுங்கி, கேலக்ஸியே இல்லாத இடத்தில் மெல்லிய வெளிச்சத் திட்டு ஒன்று இருந்தது. என் டெலஸ்கோப்பில் தூசி வளையமாகத்தான் விழும், இது வளையமில்லை. கேலக்ஸிகளிலிருந்து பிய்ந்து சிதறிய நட்சத்திரங்களின் வெளிச்சம் இப்படி இருக்கும் என்று படித்திருக்கிறேன். வீட்டு மாடியிலிருந்து அதைப் பிடித்தவனுக்குப் பெயர் நிற்கும். எனக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்தது. அதுவரை என் கையெழுத்து நிராகரிப்புச் சீட்டுகளில் மட்டும்தான் இருந்தது.

மனைவி தெருவுக்கே சொல்லிவிட்டாள். "பூசையில வெச்சதுக்குக் கைமேல பலன் பாத்தீங்களா?" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் படத்தைக் காட்டுவதாக ஏற்பாடு. பேராசிரியர் முன்கூட்டியே பார்த்துவிட்டு, "ஆதி துஸ்ரிகடே பகா" என்றார். முதலில் வேறு பக்கம் எடுத்துப் பாருங்கள் என்று அர்த்தம். அளவெடுப்பதைப் பற்றி எனக்கே பாடமா என்று எரிச்சலாக வந்தது. இருந்தாலும் சனிக்கிழமை இருட்டியதும் டெலஸ்கோப்பை வானத்தின் வேறொரு மூலைக்குத் திருப்பி எடுத்து, அதே ஃப்ளாட்டைப் போட்டேன். அதே இடத்தில் அதே திட்டு இருந்தது.

ஃப்ளாட்டில் விபூதி இருந்திருக்கிறது. படம் எடுத்தபோது இல்லை. இல்லாத தூசிக்குக் கணினி வெளிச்சம் கொடுத்திருக்கிறது. துகள்கள் கும்பலாக விழுந்ததால் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உருத் தெரியாமல் போயிருக்கின்றன. விடுவிடுவென்று கீழே இறங்கி வந்தேன்.

"கேமரா மேல விபூதியக் கொட்டச் சொல்லி உன்னை யாரு கேட்டா?"

"மூடி போட்டிருக்கும்னு நெனச்சேனுங்க," என்றாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்புறம்தான் குறிப்பு நோட்டைப் புரட்டினேன். ‘விஜயதசமி காலை. ஃப்ளாட் இருபது. பிறகு கண்ணாடி ஊதியது.’ என் கையெழுத்து. அளந்துவிட்டுத் துடைத்திருக்கிறேன். நோட்டை மூடி அலமாரியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் அதை வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். வீட்டம்மா பூசிய விபூதி இருபத்துநாலு கோடி ஒளியாண்டு போய்ச் சேர்ந்துவிட்டது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஊதியதைச் சொல்லவில்லை. இரண்டு நாளில் எதிர்வீட்டம்மா அந்தக் கதையை மனைவியிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அடுத்த வருஷ ஆயுத பூஜைக்கு மைக்ரோமீட்டர் இருந்தது, தையல் மெஷின் இருந்தது. கேமராவைக் காணோம். எங்கே என்று கேட்டேன்.

"அதைய நான் தொடலீங்க. மாடியிலயே இருக்குது."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாடிக்குப் போய்க் கேமராவை மூடி போட்டு எடுத்துவந்தேன். அலமாரியிலிருந்து நோட்டையும் எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"ஊதுனது நீங்களா?"

"ஆமா."

"எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னைக்கே."

"கூட்டத்துக்குப் போறதுக்கு முந்தியா?"

"முந்திதான்."

நோட்டை மூடினாள். மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில் அதை நேராக வைத்து, அட்டையில் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தாள். பிறகு விபூதித் தட்டைக் கேமராவோடு சேர்த்து என் பக்கம் தள்ளினாள்.

"அதுக்கு நீங்களே வெச்சுக்குங்க," என்றாள்.