சுவரைத் தொட்டுப் பார்த்தவர்

அரூர் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் மயங்கி விழுந்த என் மகளைப் பார்க்க, அந்த நிறுத்தத்துக்கு வரைபடம் போட்ட பெண் அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெயிலில் கறுத்த முகம். எங்கே நின்றாலும் சுவரைத் தொட்டுச் சூடு பார்க்கும் பழக்கம் அவருக்கு.

“நிழற்குடை இருக்குதே கண்ணு, வெளிய ஏன் நின்ன?”

“தகரத்துக்குக் கீழ நிக்க முடியலைங்க மேடம். வெளியவே பரவால்ல.”

அவர் என்னைப் பார்த்தார். “புங்க மரந்தாங்க வரைஞ்சிருந்தேன். வளர வருஷமாகும்னு தகரம் போட்டுட்டாங்க. இந்த மழைக்கு நட்டுருவோங்க.”

“நெழல் வர்றதுக்குள்ள இவ படிப்பே முடிஞ்சிருமேங்க.”

அவர் மகளின் நெற்றியில் கை வைத்தார். நெடுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.

நிறுத்தத்தில் நட்ட புங்கங்கன்று இப்போது முழங்கால் உயரம். பேருந்து வரும்வரை மகளுக்குக் குடை பிடிக்கும்போதெல்லாம் அந்தக் கை நினைவுக்கு வருகிறது.