பின்னால் கட்டிய கைகள்

புதுப் பெயின்ட் வாசனை எங்கே வந்தாலும் நான் இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பளபளத்த மரக்கட்டைகள், அவற்றைப் பொருத்துவதற்கு வட்டமாகவும் சதுரமாகவும் முக்கோணமாகவும் ஓட்டை போட்ட ஒரு பலகை, அதற்கு எதிரே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்த என் தங்கை மல்லிகா, எல்லாம் அந்த வாசனையோடு சேர்ந்தேதான் நினைவுக்கு வரும்.

நாங்கள் ஆஸ்டின் டவுனில் ஒரே அறையுள்ள வீட்டில் இருந்தோம். மல்லிகாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தெருவில் அவளை 'ஊமச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் அவளுக்குக் கேட்காது என்பது ஒன்றே எங்களுக்கு ஆறுதல். அப்பா இல்லை. அம்மா பங்களாக்களில் வீட்டு வேலை செய்தாள். விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் மல்லிகாவையும் கூடவே கூட்டிப்போவாள். அந்த வீடுகளில் கண்ணாடி பொம்மைகளும் பீங்கான் சாமான்களும் கைக்கெட்டும் உயரத்திலேயே இருக்கும், ஒன்று உடைந்தால் அம்மாவின் வேலை போய்விடும். அதனால் வாசல்படி தாண்டியதும் கை இரண்டும் பின்னால் போய்விட வேண்டும் என்று அம்மா அவளைப் பழக்கியிருந்தாள், அடித்துத்தான் பழக்கினாள். எதையாவது தொடலாம் என்றால் அம்மா தன் மூக்குத்தியை ஒருமுறை தொடுவாள். வீட்டுக்காரம்மா எதிரில் பெரிதாகச் சைகை காட்ட முடியாது என்பதால் அவர்களுக்குள் அந்த ஏற்பாடு. மூக்குத்தியில் விரல் படாதவரை மல்லிகாவின் கை முன்னால் வராது, தட்டில் லட்டு வைத்து நீட்டினாலும் வராது. "உன் பொண்ணு எவ்ளோ ஒழுக்கம், முனியம்மா! எங்க வீட்டுப் பசங்களுக்கு இது வருமா?" என்று பங்களாக்காரம்மாக்கள் மெச்சிக்கொள்வார்கள்.

காது கேளாத பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லித்தரும் பள்ளி ஒன்று இருப்பதாக யாரோ சொல்ல, அம்மா ஒருநாள் வேலைக்கு லீவு போட்டு எங்கள் இருவரையும் அழைத்துப் போனாள். அந்தப் பள்ளியில் முன்பக்கம் ஒரு வகுப்பு, அதில் பிள்ளைகள் கண்ணாடி முன்னால் நின்று வாயசைத்துப் பழகுவார்கள், பலகையில் எழுதுவார்கள். பின்பக்கம் 'கவர் ரூம்'. புத்தி போதாது என்று முடிவு கட்டிய பிள்ளைகளை அங்கே உட்காரவைத்து, பழைய பேப்பரில் கடைக்குக் கவர் ஒட்டச் சொல்வார்கள், எழுத்துக் கிடையாது. எந்தப் பிள்ளை எந்த அறைக்கு என்பதைச் சேர்க்கும் அன்றைக்கே அந்த மரக்கட்டைகள் தீர்மானித்தன.

டெஸ்ட் எடுத்த டீச்சர், "நீவு ஹொரகடே இரி அம்மா" என்று கன்னடத்தில் சொல்லி அம்மாவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார். தாய் கூட இருந்தால் சொல்லிக்கொடுத்துவிடுவாளாம். மல்லிகா அழுததால், அண்ணன் என்று என்னை மட்டும் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார விட்டார்கள். டீச்சர் ஒரு கட்டையை எடுத்து ஓட்டையில் போட்டுக் காட்டினார், பிறகு "நீ போடு" என்பதுபோல் பலகையை அவள் பக்கம் தள்ளினார். மல்லிகாவின் விரல்கள் என் கண்ணெதிரே, அவள் முதுகுக்குப் பின்னால், ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. அவள் பார்வை பலகையில் இல்லை, சாத்திய கதவில் இருந்தது.

நான் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைதான். ஆனாலும் சொன்னேன். "டீச்சர், அம்மா சொன்னாதான் அவ தொடுவா."

"ஏய், உன்னக் கேட்டனா? வாய மூடிக்கினு உக்காரு."

அவ்வளவுதான். பரீட்சை முடிந்தது, கவர் ரூம் என்று எழுதிவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் அம்மா பெரிய டீச்சர் அறை வாசலில் போய் நின்றாள். "தொடக்கூடாதுன்னு நான்தாங்க சொல்லி வெச்சேன். நான் அடிச்சு வளத்த கைங்க அது. ஒரே ஒருவாட்டி நான் எதுர்ல நிக்கிறேன், வெச்சுப் பாருங்க!"

அவர் தலை நிமிராமல், "ஒரு கட்டைய எடுக்கத் தெரியாத புள்ளைக்கு எழுத்து எதுக்கும்மா? கவர் ஒட்டக் கத்துக்கட்டும், பின்னால சோறு போடும்" என்றார்.

எந்தக் கையைப் பங்களாவில் ஒழுக்கம் என்று மெச்சினார்களோ, அதே கைக்குப் பள்ளிக்கூடத்தில் மந்தபுத்தி என்று பெயர். பெரிய வீட்டுப் பொருளைத் தொடாதே என்று ஏழைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்ததும் உலகம்தான், ஏன் தொடவில்லை என்று அதைத் தள்ளிவிட்டதும் உலகம்தான். இதைக் கேட்க எங்களுக்கு அன்றைக்கு ஆளில்லை. அடுத்த வருஷமும் அம்மா போய்க் கெஞ்சினாள், போட்ட இடம் போட்டதுதான் என்றார்கள். மல்லிகா கவர் ஒட்டினாள். அவள் ஒட்டிய கவர் ஒரு நூல் கோணாது. அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் அதைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பிள்ளையின் அளவுக்கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் சந்தேகம் வரவில்லை. அவளைக் கொண்டுவிட்டுக் கூட்டிவர ஆள் வேண்டும் என்று என் படிப்பும் ஐந்தாவதோடு நின்றது. அதில் எனக்கு வருத்தமில்லை. அவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாதே, அதில்தான்.

இப்போது அந்தப் பள்ளிக் கட்டடம் இல்லை, அந்த இடத்தில் கீழே கார் நிறுத்தும் அடுக்குமாடி நிற்கிறது. அம்மாவும் இல்லை, அவள் மூக்குத்தி மல்லிகாவின் மூக்கில் இருக்கிறது. வைட்ஃபீல்டில் ஒரு பெரிய குடியிருப்பில் நான் தோட்டவேலை செய்கிறேன், அவள் வீடுகளைத் துடைக்கிறாள். எதையும் தொடாத கை என்று அங்கேயும் நல்ல பெயர்.

போன மாதம் என் மகளின் பையனுக்குக் காது மந்தமாக இருக்கிறதென்று ஜோகுபாளையம் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளிக்குச் சேர்க்கக் கூட்டிப்போனோம். பிள்ளை மல்லிகாவிடம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவளும் வந்தாள். தரையில் பாய் விரித்து, ஓட்டை போட்ட பலகை ஒன்றை வைத்து, பிளாஸ்டிக் கட்டைகளைக் கொட்டி, அங்கிருந்த சின்ன வயது மேடம் என் மகளிடம், "நீங்க பக்கத்துலயே உக்காருங்க, அம்மா சொன்னாதான கொழந்த தொடும்" என்றார்.

அன்றைக்கு நான் சொன்ன அதே வார்த்தை. இவ்வளவுதானா? இந்த ஒரு வார்த்தைக்கா ஒரு ஆயுசு?

பையன் உதைத்ததில் ஒரு முக்கோணம் உருண்டு மல்லிகாவின் முழங்காலில் முட்டியது. அவள் கைகள் பின்னால் போய்விட்டன. நரைத்த தலையோடு, அதே பிசையும் விரல்களோடு, என்னைப் பார்த்தாள். நான் என் மூக்கைத் தொட்டேன்.

அவள் அந்தக் கட்டையை எடுத்தாள். பிறகு அடுத்ததை. சிதறிக்கிடந்தது முழுவதும் பலகையில் உட்கார்ந்த பிறகுதான் நிறுத்தினாள்.

"அட, ஆன்ட்டி செமயா போடுறாங்களே! எங்க கத்துக்கினாங்க?" என்று மேடம் சிரித்தார்.

முன்பின் தெரியாதவர்களிடம் நான் பேசுகிறவன் இல்லை.

"அவளுக்கு அப்பவே தெரியும், மேடம்" என்றேன். "எடுத்துக்கோன்னு யாரும் சொல்லல."