அக்கா திறந்துவிட்ட வழி

என் அக்கா மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை பார்த்தாள். வாரம் முழுக்க அந்த ஜன்னலில்லாத அறையில் குனிந்தே கிடப்பாள். சனிக்கிழமை கடை விட்டு வந்ததும் முதுகுப்பை, சுருட்டிய கூடாரம், நாய் மூன்றையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு மலைக்குக் கிளம்பிவிடுவாள்.

நாய்க்குப் பெயர் பெரியவர். தெருவிலிருந்து எங்களிடம் வந்தபோதே முகவாய் நரைத்திருந்ததால் அந்தப் பெயர். வீட்டில் மரியாதையாகத்தான் பேசுவோம். "பெரியவர் சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா?" என்று அவள் போனில் விசாரிப்பதைக் கேட்டு, கல்யாணமே ஆகாத அவளுக்கு மாமனார் இருப்பதாகக் கடை முதலாளி நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

நாயோடு மலையேற வழி கிடைப்பது லேசில்லை. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், அதனால் வீட்டுக்குப் பக்கத்திலேயே தேட வேண்டும். பாதி மலைகளில் காவலாளி அடிவாரத்திலேயே கையை நீட்டி மறித்துவிடுவார். மீதியில் தண்ணீர் இருக்காது. அக்கா முதலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வெயில் ஏறிய பிறகு பாறையில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். கை தாங்காத இடத்தில் பெரியவரின் பாதமும் தாங்காது. தேறிய வழியை நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்புவாள். "ஓடை இருக்கு, நிழல் இருக்கு. ஆடு மேய்க்கிறவரோட நாய்க்கு மட்டும் கொஞ்சம் வாய் ஜாஸ்தி."

ஒரு வழி பழத்தோட்டத்துக்குள் புகுந்து மேலே போனது. தோட்டக்காரர் அங்கேயே சிறியதாக ஒரு விடுதியும் நடத்தினார். அவர் போட்டிருந்த கேட்டில் புதிதாக ஒரு போர்டு: 'நாய்கள் ஜாக்கிரதை'. யார் படித்தாலும் உள்ளே நாய் இருக்கிறது, கடிக்கும் என்றுதான் நினைப்பார்கள். அக்காவும் அப்படித்தான் படித்தாள். பெரியவரின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, எந்தப் பக்கமிருந்து பாயுமோ என்று மரங்களுக்கு நடுவே பார்த்தபடி நடந்தாள். புல்லில் கிடந்த இறைச்சித் துண்டைப் பெரியவர்தான் பார்த்தார். அக்கா கயிற்றை இழுப்பதற்குள் விழுங்கிவிட்டார். பாதி மலை ஏறுவதற்குள் அவருக்கு வாயில் நுரை தள்ளியது. தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஸ்கூட்டர் வரைக்கும்கூட அவர் தாங்கவில்லை.

"போர்டுதான் வெச்சிருக்கேனேம்மா," என்றார் தோட்டக்காரர்.

"உள்ள நாய் இருக்குன்னு போட்டிருக்கீங்க."

"நாய்கள் ஜாக்கிரதைன்னு போட்டிருக்கேன். நாய்ங்களுக்குத்தான் சொல்லியிருக்கேன். கூட்டிட்டு வந்தா செத்துப்போகும்னு அர்த்தம்."

"நாய் படிக்குமா சார்?"

"நீங்க படிச்சிருக்கலாமே. கண்ணாடிக் கடைலதானே வேலைன்னீங்க?"

பக்கத்தில் நின்ற விடுதி ஆள் சிரித்தான். காவல் நிலையத்திலும் அதே பாட்டுதான். "அவர் நிலம், போர்டும் இருக்கு. விடும்மா."

அக்கா விடவில்லை. அழவும் இல்லை. "அது அவர் நிலந்தானான்னு முதல்ல பாப்போம்டி," என்றாள் என்னிடம். சனி ஞாயிறுகளில் அரிவாளோடு போய் அந்த வழியின் இரு ஓரமும் புதரை வெட்டினாள். மண்ணுக்குள் முக்கால்வாசி புதைந்து, பாசி பிடித்த எல்லைக்கற்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. நில அளவை அலுவலகத்தில் தினமும் மதியம் போய் நின்று, கடைசியில் ஓர் ஆளை அழைத்துவந்தாள். அவர் அளந்து பார்த்து, இது பொது வழி, எந்தக் காலத்திலும் தோட்டத்தைச் சேர்ந்தது இல்லை என்று சொல்லிவிட்டார். கேட்டைப் பிடுங்க வைத்தார்கள். போர்டும் அதோடு போனது.

அன்றைக்கே குழுவில் அக்காவின் குரல் வந்தது. "இந்த ஊர்லயே நாய்க்கு இதவிட நல்ல வழி கிடையாது. முழுக்கப் பழமர நிழல். எல்லாரும் வாங்க."

வந்தார்கள். ஞாயிறுதோறும் விடுதி வாசலை ஒட்டி, குட்டியும் கிழடுமாக, கன்றுக்குட்டி உயரத்தில் ஒன்று, பொம்மை மாதிரி ஒன்று என்று நாய்கள் குரைத்துக்கொண்டே போயின. அமைதி தேடிப் பணம் கட்டித் தங்கியவர்கள் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா யாரையும் ஓர் இலைகூடக் கிள்ள விட்டதில்லை. நாய் அசிங்கம் செய்தால் தானே பையில் அள்ளிக்கொள்வாள். "குறை சொல்ல அந்தாளுக்கு ஒரு இடம் குடுக்கக் கூடாது." வாசலில் அவர் நின்றால் கும்பிடுவாள். "வணக்கம் சார், இன்னிக்கு ரெண்டு பேர் புதுசு."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து திங்கட்கிழமைகளில் என்னை ஒன்றுதான் கேட்பாள். "நேத்து கூட்டம் எப்படிடி? அந்தாள் மூஞ்சி எப்படி இருந்துச்சாம்?" குழுவில் கேட்டுச் சொல்வேன். சிரிப்பாள். போன மாதம் போய்விட்டாள்.

பதினாறு நாள்கூட ஆகவில்லை, தோட்டக்காரர் கூடை நிறையப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். அக்காவின் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"அவங்களே போயிட்டாங்க. இனிமே என்னம்மா இருக்கு? ஓடைப் பக்கமா சுத்திப் போற வழி ஒண்ணு இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்கல்லாம் அதுல போயிடுவாங்க."

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. அக்கா போனபின் குழுவில் வருபவர்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். நான்கு வாரம் யாரும் நடக்காவிட்டால் புல் மூடும், கேட் திரும்ப வரும்.

"அவங்க செஞ்சதை மன்னிச்சாச்சு. நான் மனசுல வெச்சுக்கல," என்றார்.

மன்னித்தாராம். கூடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "நான் மனசுல வெச்சிருக்கேன் சார்," என்றேன்.

எனக்கு நாய் என்றால் பயம். பெரியவரைக்கூட நான் தொட்டதில்லை. போன ஞாயிறு, குழுவில் இருக்கும் பள்ளி வேன் ஓட்டுநர் தன் நாயின் கயிற்றை என் கையில் கொடுத்தார். "இழுக்கும்மா, ஆனா கடிக்காது." கயிற்றின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தேன். விடுதி வாசலுக்கு வந்ததும் அது தானாக நின்று, பேப்பர் படித்துக்கொண்டிருந்த தோட்டக்காரரைப் பார்த்து அடித்தொண்டையில் குரைத்தது. நான் இழுக்கவில்லை. அது ஆசை தீரக் குரைத்து முடிக்கும்வரை நின்றேன். அவர் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

எனக்கு அது போதவில்லை. அவருடைய விருந்தினர்கள் காலைச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து உட்காரும் நேரத்தை விசாரித்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு அந்த நேரத்துக்கே போகலாம் என்று இப்போதுதான் குழுவில் பேசி அனுப்பினேன்.