கேதாரம் போன சேஃப்டி ஷூ

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்து கோணல்மாணலாக வரும். முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன், சில ஊர்ப் பெயர்கள் சுத்தமாக மறந்துவிட்டன. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயே திறக்காதவள் நான், எழுதுவதற்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருந்தார். தகடு வெட்டுகிற இடம். காலில் தகடு விழுந்தால் விரல் போய்விடும் என்று வருஷத்துக்கு ஒரு ஜோடி சேஃப்டி ஷூ கொடுப்பார்கள். விரல் இருக்கிற இடத்தில் தோலுக்கு உள்ளே இரும்பு மூடி வைத்தது. அவருக்கு ஒரு ஜோடியே இரண்டு வருஷம் உழைக்கும். மிச்ச ஜோடி மத்தூரில் நிலம் பார்க்கிற அவர் தம்பிக்குப் போய்விடும். ரிட்டயர் ஆன வருஷம் கொடுத்த கடைசி ஜோடியை மட்டும் தம்பிக்குக் கொடுக்கவில்லை. டப்பாவோடு பீரோ மேல் வைத்தார். வடக்கே இமயமலையில் இருக்கிற கேதாரம் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போவதற்கு என்றார்.

அவருக்குச் சர்க்கரை உண்டு. அதற்கு முந்தைய வருஷம் குதிகாலில் ஒரு ஆணி ஏறி, தெரியாமலே இரண்டு நாள் நடந்திருக்கிறார். பாயில் ரத்தம் இருந்ததைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். டாக்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார், இவருக்கு இனிமேல் கால் வலி தெரியாது, நீங்கதான் கண்ணால் பார்க்கணும், விட்டால் விரலை எடுக்கிற மாதிரி ஆகிவிடும் என்று. அதிலிருந்து தினமும் டிவியில் நியூஸ் முடிந்ததும் அவர் காலை நீட்டுவார், நான் டார்ச் அடித்து விரல் சந்து வரைக்கும் பார்ப்பேன். வெளியே யாருக்கும் தெரியாது. பெண்டாட்டி காலைப் பிடித்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தால் அவருக்கு அவமானம்.

ஆயுத பூஜை முடிந்த பிறகு கிளம்பினோம். வருஷம் இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. ஓசூரில் இருந்து இருபது பேர், கூட்டிப்போக ஒரு டூர்காரர். தீபாவளி முடிந்தால் அந்தக் கோயிலை ஆறு மாதத்துக்கு மூடிவிடுவார்கள், நாங்கள் போனது கடைசி நாட்களில். இந்த நேரத்தில் குளிர் இருக்கும், பனி கொட்டாது என்று டூர்காரர் சொல்லியிருந்தார். ஓசூர்க் குளிரைப் பார்த்தவர்கள்தானே நாம் என்று எல்லோரும் சிரித்தோம்.

கௌரிகுண்டம் என்கிற இடத்தில் தங்கினோம். அங்கிருந்து பதினாலு கிலோமீட்டர் மலை ஏற வேண்டும். அன்றைக்குக் கரண்ட் இல்லை, குளிர் தாங்க முடியவில்லை, அவர் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு அப்படியே படுத்துவிட்டார். நான் காலைப் பார்க்கவில்லை. விடியற்காலையில் அந்த இரண்டு சாக்ஸுக்கு மேலேயே ஷூவை இழுத்து மாட்டினார். இறுக்கமாக இருக்குமே என்று கேட்டேன். இறுக்கினால்தான் பிடிமானம் என்றார்.

மற்றவர்கள் குதிரையில் ஏறினார்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த கால் இது, குதிரை எதற்கு என்றார் இவர். எங்களைக் கடந்து போகும்போது குதிரை மேலிருந்து ஒரு அம்மா, "புதுப் பொண்ணு மாப்ள மாதிரி தனியா வர்றாங்க பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டேன். என் காலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கின கேன்வாஸ் ஷூ. புடவைக்கும் அதற்கும் பொருந்தவே இல்லை.

மூன்று மணி நேரம் நடந்திருப்போம். முதலில் தூறல். பிறகு அந்தத் தூறல் சத்தம் இல்லாமல் ஆகிவிட்டது. பார்த்தால் ஸ்வெட்டர் மேலே ரவை சிந்தின மாதிரி வெள்ளையாக நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் ரவை போய்ப் பெரிது பெரிதாகக் கொட்ட ஆரம்பித்தது. வழி, கல், குதிரைச் சாணம் எல்லாம் ஒரே வெள்ளை. இவர் கைகூப்பிக்கொண்டு சிரித்தார், சாமியே எதிரே வருகிறது என்றார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வழியில் எல்லோரும் காலை உதறிக்கொண்டும் தரையில் தட்டிக்கொண்டும் நடந்தார்கள். என் காலும் ஊசி குத்துகிற மாதிரி வலித்தது. இவர் மட்டும் தட்டவே இல்லை. இரண்டு தடவை கல்லில் வலது கால் இடித்தது, அது அவருக்குத் தெரியவும் இல்லை.

பாதி வழியில் ஒரு டீக்கடை. தகரக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் ஷூவைக் கழற்றிக் காலை அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் கழற்றவில்லை. கால் எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஒண்ணும் வலியே இல்லமே" என்றார்.

டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். நான் எழவில்லை. கொஞ்சம் கழற்றிக் காட்டுங்கள் என்றேன். இத்தனை பேர் முன்னாலா என்று கண்ணாலேயே அதட்டினார்.

"கோயில் வாசல்ல கழட்டத்தானே போறன். அங்க பாத்துக்க."

"அங்க பாத்து என்னா பண்றதுங்க? இங்க காட்டுங்க. காட்டாம நான் வரல."

கல்யாணம் ஆன நாளில் இருந்து அவரிடம் அப்படி நான் பேசினதில்லை. கடையில் பேச்சு நின்றுபோய் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். பாஷை தெரியாவிட்டாலும் சண்டை தெரியுமே. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இருந்தாலும் கீழே உட்கார்ந்து அவர் வலது காலை எடுத்து மடியில் வைத்தேன். லேஸ் பனியில் கம்பி மாதிரி விறைத்திருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தேன். ஷூவைக் கழற்றி உள்ளே கை விட்டதும் அந்த இரும்பு மூடி ஃபிரிஜ்ஜில் ஐஸ் வைக்கிற தட்டு மாதிரி என் விரலைப் பிடித்தது. சாக்ஸை உரித்தால் சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் மெழுகுவர்த்தி நிறத்தில் இருக்கின்றன. நகத்தால் அழுத்தினேன். அவருக்குத் தெரியவில்லை. அவரும் பார்த்தார். அதற்குப் பிறகு காலை என் மடியிலேயே விட்டுவிட்டார்.

நான் தேய்க்கப் போனேன். "உஜ்ஜபேடி அம்மா, உஜ்ஜபேடி" என்று பின்னால் ஒரு குரல். தேய்க்காதே என்று கன்னடத்தில் சொல்கிறார். மண்டியா பக்கத்துக்காரர், பட்டாளத்தில் இருந்தவராம், மனைவியோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். எனக்குக் கன்னடம் குடியிருந்த லைன் வீட்டுக் குழாயடியில் கற்றுக்கொண்டதுதான், தண்ணீர்ச் சண்டைக்கு மட்டும் போதும் என்று நினைத்திருந்தேன். அவரிடம் சர்க்கரை, ஆணி, ஷூ எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவ்வளவு பேச்சு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது, நடக்கவும் கூடாது, மேலே போனால் விரல் போய்விடும், உடனே கீழே இறங்குங்கள் என்றார். தன் பையில் இருந்த காய்ந்த கம்பளிச் சாக்ஸை இவர் காலில் மாட்டி, குதிரைக்காரனிடம் ஹிந்தியில் பேசி ஏற்றிவிட்டார். இவர் மேலே போகிற வழியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பனியில் வழியே தெரியவில்லை. ஷூவை நான் கையில் எடுத்துக்கொண்டு குதிரைக்குப் பின்னால் நடந்தேன்.

கௌரிகுண்டத்தில் வெந்நீர் ஊற்று ஒன்று இருக்கிறது. காலை அதில் வைக்கச் சொல்லி ஆளாளுக்கு ஜாடை காட்டினார்கள். அவர் சூடு தெரியாமல் வெந்துபோவார் என்று எனக்குப் பயம். பட்டாளத்துக்காரரும் வெதுவெதுப்பு போதும் என்றுதான் சொல்லியிருந்தார். பக்கெட்டில் தண்ணீர் பிடித்து விளாவி, பிள்ளை குளிப்பாட்டுகிற மாதிரி முழங்கையை விட்டுப் பார்த்து அப்புறம் அவர் காலை வைத்தேன். அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பல்லைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"எரியுதுமே" என்றார்.

எரியட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு அதைவிட நல்ல சொல் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மற்றவர்கள் மறுநாள் தரிசனம் முடித்துப் பிரசாதத்தோடு வந்தார்கள். டில்லி வரும் வரைக்கும் இவர் என்னோடு பேசவில்லை. ஓசூர் டாக்டர் கௌரிகுண்டத்தில் போட்ட துணிக்கட்டை அவிழ்த்துப் பார்த்து, இன்னும் இரண்டு மணி நேரம் நடந்திருந்தால் நான் பொறுப்பில்லை என்றார். சுண்டுவிரல் நகம் கருத்து விழுந்தது. விரல் தங்கிவிட்டது.

யாத்திரை போய் வந்தவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிடுவது எங்கள் தெரு வழக்கம். வந்த இரண்டாம் நாள், எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மா சொம்போடு வந்துவிட்டாள். தெலுங்கு பேசுகிறவள், எங்களுக்காகத் தமிழ் பேசுவாள். இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கட்டுப் போட்ட காலை உள்ளே இழுத்துக்கொண்டார். போய் வந்ததாகவே இவர் சொல்லட்டும், எனக்கு என்ன என்று இருந்தேன்.

"எனக்கு ஊத்தாதம்மா. நாங்க கோயிலப் பாக்கல. பாதி வழியிலயே இவ ஷூவக் கழட்டிட்டா" என்றார்.

அந்த அம்மா அவர் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கலக்கின மஞ்சள் தண்ணீரைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று சொல்லி என் காலில் ஊற்றிவிட்டாள். எங்கே ஒளிவது என்று தெரியவில்லை எனக்கு.

அன்றைக்கு நியூஸ் முடிந்ததும் அவரே டார்ச்சை எடுத்து என் கையில் கொடுத்துக் காலை நீட்டினார். வீட்டுக்கார அம்மா இன்னும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் அதைச் சட்டை செய்யவே இல்லை.

அந்த டீக்கடை இருந்த இடத்துக்கு ராம்பாடா என்று பெயர் என நினைக்கிறேன். அங்கிருந்து கோயிலுக்கு ஏழு கிலோமீட்டர் என்பது என் கணக்கு. இவரைக் கேட்டால் மூன்றுதான், எட்டிப் பிடித்திருக்கலாம் என்று இன்றைக்கும் சொல்கிறார். அந்த வழியில் நடந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தூரத்தையும் பெயரையும் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். மூன்றுதான் என்றால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.