ஓம் என்று சொன்னவர்கள்

முகாமில் எங்கள் இரு குடும்பங்களுக்கும் ஒரே கூடாரம். நடுவில் ஒரு சேலையைக் கட்டி மறைத்திருந்தோம். அந்தப் பக்கம் என் சிநேகிதியும் அவளுடைய கைக்குழந்தையும், இந்தப் பக்கம் நானும் அம்மாவும். அவளுடைய கணவர் கடைசிச் சண்டையில் செல் குண்டு விழுந்து இறந்தவர். என்னுடையவர் எங்கே என்று இன்றுவரை தெரியாது. ஒரே வயது என்பதால் நாங்கள் வாடி போடி என்றுதான் பேசிக்கொள்வோம்.

முருங்கனுக்கு அப்பால் எங்களை மீளக் குடியேற்றியபோது பக்கத்துப் பக்கத்துத் தகரக் கொட்டில்கள் கிடைத்தன. வயல்களில் கண்ணிவெடி எடுத்து முடிந்திருக்கவில்லை. கூலி வேலையும் எப்போதாவதுதான். அந்த நேரத்தில்தான் மன்னார் டவுனில் இருந்து ஓர் அக்கா ஸ்கூட்டியில் வந்தார். அவரும் கணவனை இழந்தவர். அதனாலேயே நம்பினோம்.

"வெளிநாட்டில வீட்டு வேலை எண்டா நானே அனுப்பமாட்டன், தங்கச்சி. அங்க அடிக்கிறாங்களாம். இது பொம்பிளையளுக்கான சலூன். ஏசி போட்ட கடை. தங்க இடமும் அவையே தருவினம்."

இருவரும் ஓம், போகிறோம் என்றோம். பாஸ்போட்டையும் கொடுத்தோம். கொழும்பில் மெடிக்கல் எடுத்தபோது என் எக்ஸ்ரேயில் பழைய காசநோயின் தழும்பு தெரிந்தது. என்னைத் தள்ளிவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். அவள் என் கையை விடவில்லை.

"நான் போய்க் கதைச்சு உன்னையும் எடுக்கிறன். பாரன்."

மகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அரிதாகத்தான் போன் வரும். "நல்லா இருக்கிறன். பிள்ளை சாப்பிட்டவளோ?" என்பாள். மறுமொழி சொல்வதற்குள் லைன் அறுந்துவிடும். வெளிநாடு போனதும் அவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று அம்மாவிடம் குறைப்பட்டேன். பொறாமைதான், வேறென்ன.

அடுத்த வருடம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் குனிந்து தூக்கவில்லை. "அம்மா குளிச்சிட்டு வாறன்" என்று கிணற்றடிக்குப் போனாள். அன்று திரும்பத் திரும்பக் குளித்தாள்.

பல நாள் கழித்து, குளத்தில் உடுப்புத் தோய்க்கும்போதுதான் சொன்னாள். போய் இறங்கிய விமான நிலையத்திலேயே ஒருவன் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டான். சலூன் என்று ஒன்று இருக்கவே இல்லை. ஒரு மாடிவீடு, வெளியே பூட்டு, உள்ளே வேறு வேறு நாட்டுப் பெண்கள். ஆண்கள் வருவார்கள். வீட்டுக்குப் பேசும்போது பக்கத்தில் ஒருவன் நிற்பான். கடைசியில் பொலிஸ் அந்த வீட்டுக்குள் புகுந்தபோது, விசா இல்லை என்று அவளைத்தான் பிடித்து மறியலில் அடைத்தார்கள். பிறகு நாடுகடத்தினார்கள்.

"சில நாள், நீயும் வந்திருக்கலாமே எண்டு நினைச்சனான். தனிய இருக்கேலாமல் நினைச்சது. உனக்கும் அது நடக்கவேணும் எண்டு நினைச்ச மாதிரித்தானே அது? என்னை மன்னிச்சுக்கொள்ளடி."

அவள் மாடிவீட்டில் அடைபட்டுக் கிடந்தபோது அவளைத் தலைக்கனம் பிடித்தவள் என்றவள் நான். தோய்த்த உடுப்பையே மறுபடி எடுத்துத் தோய்த்தேன்.

கொஞ்சக் காலத்தில் அந்த அக்கா முசலிப் பக்கம் பெண்பிள்ளைகளைத் தேடித் திரிவதாகக் கேள்விப்பட்டோம். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. விடிந்ததும், "முறைப்பாடு குடுப்பம், வா" என்றாள். பொலிஸ் நிலையத்தில் ஓர் அதிகாரி கேட்டார்: "நீங்கள் விரும்பித்தானே போனனீங்கள்?" அவள் தலைகுனிந்து எழும்பி வந்துவிட்டாள்.

பிறகு மன்னாரில், இலவசமாக வழக்குப் பேசும் ஒரு சட்டத்தரணியிடம் அவளைக் கூட்டிப்போனேன். எங்களைவிட இளைய பெண். அந்த அதிகாரி கேட்டதையே இவளும் அவரிடம் சொன்னாள்.

"நான் ஓம் எண்டு சொன்னனான், மிஸ். ஒருத்தரும் இழுத்துக்கொண்டு போகேல்லை."

"சலூன் வேலைக்குத்தானே ஓம் எண்டனீங்கள்? ஏமாத்தி வாங்கின சம்மதம் சம்மதமே இல்லை. உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து எழுதின ஒப்பந்தத்தில அப்பிடித்தான் இருக்கு. எங்கட நாடும் கையெழுத்து வைச்சது. ஆளைக் கடத்துறது எங்கட தண்டனைச் சட்டத்திலயும் குற்றம்."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ, மிஸ்."

சட்டத்தரணி மறுபடி சொன்னார், மெதுவாக. அவள் உதடுகளை அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வழக்குப் போட்டபோது, சலூன் என்று சொன்னதைத் தன் காதால் கேட்ட வேறு சாட்சி என்னைத் தவிர யாரும் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்து அம்மா வேண்டாம் என்றார். நான் கூண்டில் ஏறினேன். அந்த அக்காவின் சட்டத்தரணி என்னை மடக்கப் பார்த்தார்.

"உங்களை ஆரும் வற்புறுத்தினவையோ?"

"இல்லை, ஐயா."

"மெடிக்கல் பாஸ் பண்ணியிருந்தா நீங்களும் போயிருப்பீங்கள்?"

"ஓம். அண்டைக்கே போயிருப்பன். அந்த அக்கா சொன்ன கடைக்கு."

வழக்கு இழுபட்டு இழுபட்டு, கடைசியில் அந்த அக்காவுக்குச் சிறை கிடைத்தது. கடலுக்கு அப்பால் பாஸ்போட்டைப் பறித்தவனை யாரும் பிடிக்கவில்லை. தீர்ப்பு நாளில் நாங்கள் வெளியே வந்தபோது அந்த அக்காவின் இரண்டு பிள்ளைகளும் மரத்தடியில் நின்றார்கள்.

"இனி அதுகளை ஆர் பாக்கிறது?" என்றாள் இவள்.

எனக்குக் கோபம் வந்தது. "அதுக்கும் நீதானோ பொறுப்பு?" என்று கத்திவிட்டேன்.

இப்போது அவள் முருங்கனில் ஒரு தையல்கடையில் வேலை செய்கிறாள். வெளிநாடு போக நினைக்கும் பெண்கள் அவளைத் தேடி வருவார்கள். "என்ன விசா எண்டு கேட்டனியோ? சுற்றுலா விசா எண்டா போகாதை" என்பாள். நடந்ததையும் சொல்வாள், ஒளிக்காமல். அவளைத் தலைக்கனம் என்று நான் சொன்னதை இன்னும் அவளிடம் ஒளிக்கிறேன். அந்த நேரத்தில் அங்கே இருந்தால், தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பி உள்ளே போய்விடுகிறேன்.